முக்கூடலுக்குப் போகாத வாழைக்கன்றுகள்

சாயங்காலம் ஆனால் வாசனை படியேறி வருகிறது. எங்கள் தெரு முக்கில் புதிதாக வந்திருக்கும் கடையில், சால்னாவில் ஊறிய பரோட்டாவை வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கிறார்கள். கிழிப் பரோட்டா என்று பலகை தொங்குகிறது. தச்சநல்லூரே அங்கே கூடி நிற்கிறது. எனக்குப் பரோட்டா வாசனை எட்டுவதில்லை. இலை வாடும் வாசனை மட்டும் தனியே பிரிந்து, கம்பிக் கதவின் இடுக்கில் நுழைந்து, மாடி அறைவரைக்கும் போய், அங்கே ஆள் இல்லை என்று கண்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

மாடி அறையில் அவள் இருந்தாள். உகாண்டாவின் மேற்கு மலைப்பக்கத்துக்காரி. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாயம் சொல்லிக்கொடுக்கிறவள். என்னைவிட மிகவும் இளையவள். வாழைக்கு வரும் வாடல் நோயைப் பார்ப்பதற்காக ஒரு பருவம் இங்கே தங்க வந்திருந்தாள். வந்த அன்றே வாழைக்காயைத் தோலுரித்து, இலையில் கட்டி, என் இட்லிக் கொப்பரையில் வைத்து அவித்தாள். வெந்ததை இலையோடு சேர்த்து அமுக்கிப் பிசைந்து, பாதியை என் தட்டில் வைத்தாள். உப்பு இல்லை, உறைப்பு இல்லை. எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். சூடாக இருக்கிறது என்றேன். அதற்கு மேல் பொய் வரவில்லை. அவள் சத்தமாகச் சிரித்தாள். என் வீட்டுச் சுவர்கள் அவ்வளவு சத்தத்தைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்க்கிறவளின் வாய் ஒரு வாடகை வீடு. யார் யாரோ வந்து குடியிருந்து காலி செய்து போவார்கள். சொந்தக்காரி சமையலறைப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். ஒரு காலத்தில் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தினேன், அதனால் இன்றும் ஊரில் டீச்சர். நடுவில் ஒரு கல்யாணம், பிறகு ஊர் ஊராக அலைச்சல். எந்த ஊரிலும் என் செருப்பு தேய்ந்ததே தவிர, வாசலில் பள்ளம் விழவில்லை. ஐம்பதைத் தாண்டி அப்பாவின் வீட்டுக்குத் திரும்பியபோது அப்பாவும் இல்லை. ஒரு ஆளுக்குச் சமைத்து, ஒரு தட்டைக் கழுவி, ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பேன். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருத்திக்கு மாடியறையும், கூடவே தமிழ் பேச ஒரு வாயும் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டபோது, யோசிக்காமல் சரி என்றேன்.

முதல் நாள், காலைச் செங்கோட்டை பாசஞ்சரில் ஊர்வாயில் சேர்மாதேவி ஆகிவிட்ட சேரன்மகாதேவியில் இறங்கி, கால்வாய்க் கரையோடு நடந்தோம். இரண்டு பக்கமும் வாழை. அவளுக்கு அது அம்மா வீட்டுத் தெரு மாதிரி இருந்திருக்க வேண்டும். நடை மாறிவிட்டது. திடீரென்று நின்றாள். கால்வாய்த் தண்ணீரில், அடியோடு வெட்டிய வாழை ஒன்று பழுத்த இலைகளோடு மிதந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று. செருப்பைக் கழற்றினாள், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினாள், இறங்கிவிட்டாள். முதல் வாழையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

மேலே வெட்டுக்கத்தியோடு நின்ற ஒருவர், என்னைக் கல்லூரி நாளிலேயே தெரிந்தவர், அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன டீச்சர் இது, வெள்ளத்துல போற ஆளத் தூக்குத மாதிரில்லா தூக்குதா! அந்தப் புள்ளைக்கு வெறகு ஏதும் வேணுமா?"

"வெறகு இல்ல அண்ணாச்சி. இத ஏன் தண்ணியில போட்டியன்னு கேக்காங்க."

"நோவு வந்த வாழை. தோட்டத்துல கெடந்தா மத்ததுக்கும் தொத்தும்லா. ஆத்துத் தண்ணி, அது பாட்டுக்குக் கொண்டு போயிரும்."

"எங்கன கொண்டு போகும்னு கேக்காங்க."

"கீழ" என்று கையை நீட்டினார்.

அவர் தோட்டம் தலைமடையில் இருந்தது. கால்வாய்த் தண்ணீர் முதலில் அவருக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. நீட்டிய கைக்கு நேராக வரிசையாகப் பிறருடைய தோட்டங்கள், கண் போகிற தூரத்துக்கு. நீட்டிய கையை அவர் கொஞ்ச நேரம் மடக்கவில்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவரும் தண்ணீரில் இறங்கி இரண்டாவது வாழையைப் பிடித்தார்.

தாமிரபரணிக் கரையில் பிறந்த எல்லோருக்கும் உள்ள நினைப்பு அது. ஓடுகிற தண்ணீரில் விட்டால் தீர்ந்தது. நானும் பல ஊர்களை அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அவர் தோட்டத்துக்குப் போய்வர ஆரம்பித்தோம். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிட்டேன். பார்த்த பத்தாம் நிமிஷத்திலேயே மதினி அவளுடைய தலைப் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "இத ஒருத்தி உக்காந்து பின்னுனாளா, ஊரே கூடிப் பின்னுச்சா?" என்று கேட்டு முடித்திருந்தாள்.

அவளுடைய பல்கலைக்கழகத்தைப் பற்றி ரயிலில்தான் கேட்டேன். முன்பெல்லாம் மாணவர்கள் காரில் வந்து இறங்குவார்களாம். தோட்டத்தைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், போய்விடுவார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்களாம். வயலில் இறங்கும், கொத்தும், பறந்துவிடும். ஒரு கட்டத்தில் கொக்குகளுக்கு யாரும் கதவு திறக்கவில்லை. அதன் பிறகு பல்கலைக்கழகம் மாறியது. இப்போது விவசாயம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு உண்டு. ஒரு பருவம் அந்த வீட்டில் தங்கி, அந்த வீட்டு வேலையைச் செய்ய வேண்டும். மார்க்கில் பாதியை அந்த வீட்டுக்காரர்கள் போடுவார்கள். அப்படிப் படித்து முடித்தவர்களில் பலர் நகரத்துக்குப் போகாமல் அந்தந்த மலையிலேயே கன்று வளர்க்கவும், காய் வாங்கி விற்கவும் இருந்துவிட்டார்களாம்.

"நோய் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் சொல்ல மாட்டோம். தோட்டக்காரரையே அவர் கத்தியால், அவர் கையால் வெட்டச் சொல்வோம். அவர் பார்ப்பார். அவர் பேசும்வரை காத்திருப்போம்."

ஜன்னலுக்கு வெளியே வயலில் கொக்குகள் நின்றன. அவள் அவற்றைப் பார்த்துக் கையசைத்தாள்.

அண்ணாச்சியின் ரசகதலி வாழையில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. ஒருநாள் அவள் அப்படி ஒன்றைக் காட்டினாள். அண்ணாச்சி மண்ணைப் பறித்து, கிழங்கைக் குறுக்கே வெட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் புள்ளியும் கோடுமாக இருந்தது. பக்கத்தில் பச்சைப்பசேல் என்று நின்ற கன்றையும் அவரே தோண்டி வெட்டினார். அதன் கிழங்கிலும் அதே சிவப்பு.

அவள் பேசவில்லை. அவள் பேசாததால் எனக்கும் வேலை இல்லை. கால்வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"பாக்கதுக்கு நல்லாத்தான இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி கடைசியில். "கன்னுலயும் ஏறிட்டு, என்ன?"

அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள். நான் தமிழில் சொன்னேன். நோய் மண்ணில் இருக்கிறது, கன்றில் போகிறது, கத்தியில் போகிறது, தண்ணீரில் போகிறது. ரசகதலி முழுவதையும் பிடுங்கி எரித்து, குழியில் சுண்ணாம்பு போட்டு, சில போகம் நெல் வைத்துப் பார்க்க வேண்டும். கன்று மட்டும் யாருக்கும் கொடுக்கவே கூடாது.

"யாருக்கும்னா?"

"யாருக்கும் அண்ணாச்சி."

மதினி அவர் முகத்தைப் பார்த்தாள். "முக்கூடல்காரிக்கு?"

அவர் கத்தியில் ஒட்டிய சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாயில் கழுவப் போனவர், பாதியில் நின்று திரும்பி வந்தார்.

முக்கூடல்காரி என்றால் முக்கூடல் ஊரில் இருக்கும் அவர் தங்கை. தாய் போன பிறகு அவர் தோளில் வளர்ந்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் நிலம் இல்லை. இந்த வருஷம்தான் முதன்முறையாக ஆற்றங்கரையில் ஒரு துண்டு பாட்டத்துக்கு எடுத்திருந்தாள். புது வாழைத் தோட்டத்துக்கு முதல் கன்று பிறந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தாலிக்குப் போட்ட பொன்னைக்கூட அடகு வைக்கலாம், பிறந்த வீட்டுக் கன்று வராமல் நட முடியாது. அண்ணாச்சி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவள் குழியெடுத்து எரு போட்டு வைத்திருந்தாள்.

போனில் சொன்னார். அவள் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து, குட்டியானை வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்து இறங்கினாள்.

"என்னண்ணே, கன்னு இல்லேன்னிய. இந்தா நிக்கில்லா வரிசையா. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நிக்கும் ஏட்டி. ஆனா வேண்டாம்."

"வேண்டாம்னு நீங்க சொல்லுதியளா, மதினி சொல்லுதாவளா?"

"ஆமா" என்றாள் மதினி, "நாந்தான் ஒவ்வொரு கன்னு காதுலயும் போய் ஓதுனேன், முக்கூடலுக்குப் போயிராத, அங்கன கொசு சாஸ்தின்னு."

வண்டிக்காரர் தலையை நீட்டினார். "அக்கா, ஏத்தணுமா வேண்டாமா? எனக்கு இன்னொரு வாடகை கெடக்கு."

"நீரு கொஞ்சம் சும்மா இரும் வே!" என்றாள் தங்கை.

அண்ணாச்சி வெட்டிப் போட்டிருந்த கிழங்கை எடுத்துக் காட்டினார். தங்கை அதைக் கையில் வாங்கவில்லை. அவள் கண் என் பக்கத்தில் நின்றவள்மேல் இருந்தது.

"இவங்கதான் கண்டுபிடிச்ச டாக்டராக்கும்? ஏன் டீச்சர், அவங்க ஊர்ல வாழைக்குச் சீக்கே வராதாமா? கேளுங்க."

கேட்டேன். அவள் சொன்னது எனக்கே புதிது. இவ்வளவு நாள் ரயிலில் அருகருகே உட்கார்ந்தும் என்னிடம் சொல்லாதது.

"வந்துச்சாம்" என்றேன். "அவங்க அம்மா தோட்டத்துலயே. அது வேற நோயாம். ஆனா அதுவும் கன்னுலயும் கத்தியிலயும்தான் போச்சாம்."

தங்கையின் குரல் தணிந்தது. "பெறவு?"

"எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்களாம்."

"அவங்க அம்மாவுக்குத் தங்கச்சி கிடையாதா? அவளுக்குக் குடுக்கலியா?"

"தெரியாம மொதல்லயே குடுத்துட்டாங்களாம். அந்தத் தோட்டமும் போச்சாம்."

"கேட்டியா ஏட்டி" என்றார் அண்ணாச்சி.

"கேட்டேன். அவங்க கதைய வச்சு நான் என்னண்ணே செய்ய? அண்ணன் வீட்டுக் கன்னு வருதுன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். வெறும் வண்டியோட போயி இறங்குனா சிரிக்க மாட்டாளுவளா?"

"ஒரு மூட்டை அரிசி ஏத்திட்டுப் போ."

"அரிசி கடையில கெடைக்கும்ணே."

வண்டி போனது. வெறும் வண்டி என்பதால் கரையின் ஒவ்வொரு மேட்டிலும் குதித்துக் குதித்துப் போனது. பாரம் இருந்திருந்தால் அப்படிக் குதித்திருக்காது. அது மறையும்வரை அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடியும் உதறினார்.

அந்த வாரமே பிடுங்கினார்கள். புரட்டாசி வெயிலில் குவித்துக் காயவிட்டு எரித்தபோது, பச்சைத்தண்டு புகைந்து கண்ணைக் கரித்தது. சுண்ணாம்பு போட்ட குழிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. தலைமடைக்காரர் தோட்டத்தில் சீக்கு என்று ஊருக்குள் பேச்சாயிற்று. கீழ்த் தோட்டத்துக்காரர்கள் அவர் வரப்பை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போனார்கள். டீக்கடைக்காரர், "அண்ணாச்சிக்கு மட்டும் பேப்பர் கப்பு, கிளாஸ்ல தொத்திரும்" என்று வேடிக்கை பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி அடுத்த நாளிலிருந்து வீட்டிலேயே டீ குடித்தார்.

தோட்டத்தில் இனி அவளுக்கு ஆராய ஒன்றும் இல்லை. என் வேலையும் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே வந்து, புறப்படு என்றாள். எங்கே என்றேன். சாப்பிட என்றாள்.

அன்று ரயிலில் மீதிக் கதையைச் சொன்னாள். அவள் அம்மா தோட்டத்தைப் பிடுங்கிய பிறகு ஒருவரும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. சித்தியும் பேச்சை நிறுத்திவிட்டாள். வந்தது ஒரே ஒருவன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து நோயைக் காட்டிய மாணவன். தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்து, இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போவானாம். அது அவர்கள் பல்கலைக்கழகத்து வழக்கம். கெட்ட செய்தி கொண்டுபோனவர், அடுத்த பயிரின் பச்சை கண்ணுக்குத் தெரியும்வரை, அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த வீட்டுக்காரர்களைத் தனியாகச் சாப்பிட விடக்கூடாது. "நோய்க்கு மருந்து அவனிடமும் இல்லை" என்றாள். "ஆனால் அவன் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் நான் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கவிழ்த்து வைத்த என் ஒற்றைத் தட்டு ஞாபகம் வந்தது.

அப்படிச் சாப்பிடப் போன முதல் நாள் அண்ணாச்சி நிமிரவே இல்லை. மதினிதான் நாலு பேர் பேச்சையும் சேர்த்துப் பேசினாள்.

"ஏ புள்ள, ரசத்த இப்பிடி உள்ளங்கையில ஊத்திக் குடிக்கணும். டீச்சர், இவளுக்கு அதையும் இங்கிலீஷ்ல சொல்லுங்க."

அவளுக்கு ரசம் முழங்கைவரை ஓடியது. அண்ணாச்சி ஓரக்கண்ணால் பார்த்தார். "மடை ஒடஞ்சு போச்சு" என்றார். வண்டி போன பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கை அது.

அப்புறம் தினமும் போனோம். ஒருநாள் அவளுடைய மாணவி ஒருத்தி மலையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே இன்னும் மத்தியானம் ஆகவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கத்தியை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் அங்கே அப்படித்தான் செய்கிறார்களாம். மதினி போனுக்குள் முகத்தைக் கொண்டுபோய், "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்கும் முன்னே அந்தப் பெண் தலையாட்டிச் சிரித்தாள். அண்ணாச்சி மட்டும் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் தோட்டத்து மூலையில், மிஞ்சி நின்ற வேறு வாழைகளின் பக்கத்தில், ஒரு பழைய சட்டியில் கங்கு இருந்தது.

கீழ்த் தோட்டத்துக்காரர்களில் இரண்டு பேர் வந்தார்கள், எங்கள் வாழையையும் வெட்டிப் பார்க்கணும் என்று. மற்றவர்கள் வரவில்லை. அவர்கள் சுற்றுவழியிலேயே போனார்கள்.

ஐப்பசியில் பிசான நெல்லுக்குத் தண்ணீர் விடத் தாமதமானது. அவள் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அவள் புறப்படும் அன்று காலையில்தான் அண்ணாச்சி நாற்றங்காலில் நெல் விதைத்தார். முளைகட்டிய விதைதான், ஆனாலும் பச்சை தெரிய நாளாகும். அவள் நாற்றங்கால் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சாப்பாட்டின்போது மதினி சொன்னாள். "முக்கூடல்காரி ஏதோ பண்ணையில திசு வாழைக்கன்னு வாங்கி நட்டுட்டாளாம். சீக்கு இல்லாத கன்னாம்."

"போன் பண்ணுனாளா?" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு அடுத்த வீட்டுக்காரி சொன்னா. பண்ணுவா, பைய பண்ணுவா."

"பண்ண மாட்டா."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவள் தன் தட்டை நகர்த்தி அவர் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவரும் சாப்பிட்டார்.

மதினி வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். சூட்டில் இலை வாடிய வாசனை, ரயில் நிலையம்வரை ஆட்டோவில் எங்கள் நடுவில் உட்கார்ந்து வந்தது. மழை தூறியது. விதை அடித்துப் போகாமல் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி வழியனுப்ப வரவில்லை.

நடைமேடையில் அவள் இங்கிலீஷில் பேசினாள். பச்சை தெரியும் முன்னே போகிறேன், இது எங்கள் வழக்கத்துக்கு விரோதம் என்றாள். நானும் ஒரு கொக்குதான் போல என்றாள். பிறர் பேச்சுக்கு என்னிடம் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. என் பேச்சுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர் ஊராக விட்டுவிட்டு ஓடியவளிடம் போய் இதைச் சொல்கிறாளே என்று மட்டும் தோன்றியது.

ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஊதியது. அப்போதுதான், இந்தப் பருவம் முழுவதும் மதினியிடம் கற்ற தமிழைக் கூட்டிச் சேர்த்துக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் எங்கன சாப்பாடு?"

"சேர்மாதேவியில" என்றேன்.